எரிமலை வாயிலில் தோற்ற வீரன்

மந்திரவாதியும், பறக்கும் நாகமும், பேசும் மரமும் வருகின்ற மாயாஜாலக் கதைகளை நம் பிள்ளைகள் படிக்கலாமா? பக்தியுள்ள பெற்றோர் பலருக்கு இந்த ஐயம் எழுவதுண்டு. பிள்ளையின் தட்டில் என்ன உணவு இருக்கிறது என்று கவனிக்கும் தாய், அதன் கையில் என்ன புத்தகம் இருக்கிறது என்று கவனிப்பதும் கடமையே. ஆயினும் அந்தக் கேள்வியை நாம் சற்று வேறு விதமாகக் கேட்டுப் பார்க்க விரும்புகிறோம்.

பறக்கும் நாகம் உண்மையில் உண்டென்று பத்து வயதுப் பிள்ளை நம்புவதில்லை. புத்தகத்தை மூடியதும் நாகம் மறைந்துவிடுகிறது. மறையாமல் நிற்பவன் கதாநாயகன். பிள்ளை அவனைப்போல் நடக்கிறது, அவனைப்போல் பேசுகிறது, ஒரு கம்பை வாளாகப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நிற்கிறது. ஆகவே ஒரு மாயாஜாலக் கதையை எடைபோட விரும்புவோர், அதில் எவ்வளவு மந்திரம் இருக்கிறது என்று அளப்பதைவிட, அதன் கதாநாயகன் நம்பத்தக்கவனா என்று ஆராய்வதே நன்று.

ஆயிரம் பேரைத் தனியொருவனாய் வீழ்த்துபவன். எந்த ஆசைக்கும் மயங்காதவன். உடலிலும் உள்ளத்திலும் ஒரு கீறலுமின்றி வீடு திரும்புபவன். இத்தகைய வீரனுக்குக் கைதட்டலாம். அவன் பின்னே நடக்க இயலாது. நடக்க முயன்று இடறி விழுந்த பிள்ளை, குறை தன்னிடம் மட்டுமே உள்ளதென்று எண்ணிச் சோர்ந்துபோகும். இதற்கு நேர்மாறான ஒரு வீரனைப் படைத்து, உலகெங்கும் கோடிக்கணக்கானோர் மனத்தில் இடம் பெறச் செய்த கத்தோலிக்க எழுத்தாளர் ஒருவர் உண்டு. அவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். அவர் தம் வீரனை எவ்வாறு நம்பத்தக்கவனாக்கினார் என்பதை இங்கே சிந்திப்போம்.

தாய் ஈந்த விசுவாசம்

இன்றைய தென்னாப்பிரிக்காவிலுள்ள புளூம்ஃபொன்டைன் நகரில், 1892-ஆம் ஆண்டு சனவரி 3-ஆம் நாள், ஆங்கிலப் பெற்றோருக்கு மகனாக டோல்கீன் பிறந்தார். நான்கு வயதிலேயே தந்தையை இழந்தார். இங்கிலாந்தில் இரு ஆண் மக்களோடு வாழ்ந்த தாய் மேபல் அம்மையார், 1900-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அதனால் சினங்கொண்ட உறவினர் பண உதவியை நிறுத்திக்கொண்டனர். அம்மையார் விசுவாசத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நீரிழிவு நோய்க்கு இன்சுலின் என்னும் மருந்து கண்டறியப்படாத அக்காலத்தில், 1904-இல், அந்நோயாலேயே அவர் உயிர் நீத்தார். டோல்கீனுக்கு அப்போது வயது 12. பின்னாளில் புனிதராக உயர்த்தப்பட்ட கர்தினால் நியூமன் பர்மிங்காம் நகரில் நிறுவிய ஆரட்டரி இல்லத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் மார்கன் அடிகளார், அநாதைகளான அச்சகோதரர் இருவருக்கும் பாதுகாவலரானார். தம் தாயை வேதசாட்சிகளுள் ஒருவராகவே டோல்கீன் ஆயுள் முழுதும் எண்ணிப் போற்றினார்.

1916-இல் முதல் உலகப் போரில், பிரான்சு நாட்டின் சோம் போர்க்களத்தில் அவர் செய்தித் தொடர்பு அதிகாரியாகப் பணியாற்றினார். பதுங்கு குழிகளில் பரவிய காய்ச்சல் அவரைப் பற்றிக்கொள்ள, தாய்நாட்டிற்குத் திருப்பி அனுப்பப்பட்டார். 1918-இல் போர் முடிந்தபோது அவருடைய நெருங்கிய நண்பர்களுள் ஒருவரைத் தவிர ஏனையோர் மாண்டிருந்தனர். அக்களத்தில் அவர் கண்ட வீரர்கள் காவியங்களில் வரும் வீரர்கள் அல்லர். சாதாரணச் சிப்பாய்கள்; அதிகாரிகளுக்குப் பணிவிடை செய்த எளிய ஏவலாளர்கள். அவர்கள் தம்மைவிட மிக உயர்ந்தவர்கள் என்று அவர் மனமார ஒப்புக்கொண்டார். பின்னர் அவர் எழுதிய கதையில் வரும் சாம் என்னும் தோட்டக்காரன் அந்தச் சிப்பாய்களின் சாயல் என்றும் கூறினார்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில மொழிப் பேராசிரியராக இருந்த அவர், 1937-இல் 'த ஹாபிட்' என்னும் சிறுவர் கதையை வெளியிட்டார். அதன் தொடர்ச்சியாக எழுந்த பெருங்கதையே 1954, 1955-ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த 'த லார்டு ஆஃப் த ரிங்ஸ்'. மோதிரங்களின் தலைவன் என்பது அப்பெயரின் பொருள். அக்கதையில் கோவிலையும் குருவையும் காண்பது அரிது. ஆயினும் அது அடிப்படையில் சமய உணர்வு கொண்ட கத்தோலிக்க நூலே என்றும், முதலில் தம்மையறியாமலும் திருத்தி எழுதுகையில் அறிந்தும் அவ்வாறு அமைத்ததாகவும், 1953-இல் சேசு சபையைச் சேர்ந்த ராபர்ட் மர்ரிக்கு எழுதிய கடிதத்தில் டோல்கீன் தெரிவித்தார். அந்தக் கத்தோலிக்க உணர்வு எங்கே இருக்கிறது? கதாநாயகனை அவர் நடத்திய முறையிலே இருக்கிறது என்பது நம் கருத்து.

சிறியவன் கழுத்தில் பெரிய சுமை

சௌரோன் என்னும் தீய ஆற்றல் ஒரு மோதிரத்தைச் செய்து தன் வலிமையில் பெரும் பகுதியை அதில் வைக்கிறது. அதைக் கைக்கொள்பவன் பிறரை அடக்கி ஆளலாம்; ஆனால் நாளடைவில் அவனே அதற்கு அடிமையாகிவிடுவான். அதை அழிக்க ஒரே வழிதான் உண்டு. அது வார்க்கப்பட்ட எரிமலையின் நெருப்பிலேயே அதை எறிய வேண்டும். எரிமலையோ பகைவனின் நாட்டின் நடுவே இருக்கிறது.

அறிவிற் சிறந்த காண்டால்ஃபிடம் அம்மோதிரம் நீட்டப்படுகிறது. அவர் அஞ்சி மறுக்கிறார். கலாட்ரியேல் என்னும் பேரரசியிடம் நீட்டப்படுகிறது, அவளும் மறுக்கிறாள். நன்மை செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு எடுத்தாலும், முடிவில் தாங்களே கொடுங்கோலர் ஆகிவிடுவோம் என்பதை இருவரும் அறிவர். அதைச் சுமக்க முன்வருபவன் ஃப்ரோடோ. அவன் ஹாபிட் என்னும் குள்ள இனத்தவன். உயரம் நான்கு அடிக்கும் குறைவு. உழவும் தோட்டமும் விருந்தும் தவிர வேறொன்றும் விரும்பாத மக்களிடையே வளர்ந்தவன். வழி தெரியாது என்று சொல்லிக்கொண்டே அவன் அச்சுமையை ஏற்கிறான்.

கற்பனை உலகமே ஆயினும் அதற்கென ஒரு நியதி வேண்டும் என்பது டோல்கீனின் உறுதியான கொள்கை. 1939-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில் இதை அவர் விளக்கினார். பச்சை நிறச் சூரியன் என்று எவரும் எளிதில் எழுதிவிடலாம். பச்சைச் சூரியன் இயல்பாகத் தோன்றும் ஓர் உலகைப் படைப்பதற்கே உழைப்பும் திறமையும் வேண்டும் என்பது அவர் கருத்து. கதாநாயகனுக்கும் இது பொருந்தும். 'அவன் அஞ்சா நெஞ்சன்' என்று எழுதுவது எளிது. அவன் அஞ்சும்போதும் ஏன் நடக்கிறான் என்று காட்டுவது அரிது.

ஃப்ரோடோவுக்குப் பசிக்கிறது, தாகம் எடுக்கிறது, கழுத்தில் தொங்கும் மோதிரம் நாளுக்கு நாள் கனக்கிறது. உடன் செல்லும் சாம், நெடுந்தொலைவு சுமந்து வந்த தன் சமையல் பாத்திரங்களை, பகைவனின் நாட்டில் சுமை குறைப்பதற்காக ஒரு பிளவில் எறிகிறான். அவை உருண்டு விழும் ஓசை அவன் இதயத்தில் சாவு மணிபோல் ஒலிக்கிறது. மாய மோதிரத்தை நம்மில் எவரும் கண்டதில்லை. ஆனால் புழங்கிப் பழகிய ஒரு பாத்திரத்தைக் கைவிடும் வேதனையை எந்த இல்லத்தரசி அறியமாட்டாள்? அந்தச் சிறிய உண்மையைக் கண்ட வாசகர், பெரிய கற்பனையையும் ஏற்றுக்கொள்கிறார்.

கடைசி அடியில் நேர்ந்தது

எண்ணற்ற இன்னல்களைத் தாண்டி ஃப்ரோடோ எரிமலையின் உள்ளே, நெருப்புப் பிளவின் விளிம்பில் வந்து நிற்கிறான். கையை நீட்டி எறிய வேண்டியதுதான் பாக்கி. வேறு எந்தக் கதையாக இருந்தாலும் இங்கே வீரன் வெற்றி முழக்கம் செய்வான். ஆனால் ஃப்ரோடோவால் முடியவில்லை. மோதிரம் தன்னுடையது என்று உரிமை கொண்டாடி, அதைத் தன் விரலில் அணிந்துகொள்கிறான்.

வீரன் தோற்றுவிட்டான். அந்நேரத்தில், மோதிரத்தின் மீது தீராத வெறிகொண்டு அவனைப் பின்தொடர்ந்து வந்த கோல்லம் என்பவன் பாய்ந்து, ஃப்ரோடோவின் விரலைக் கடித்துத் துண்டித்து மோதிரத்தைப் பறிக்கிறான். களிப்பில் கூத்தாடிக் கால் தவறி நெருப்பில் விழுகிறான். மோதிரமும் அவனோடு அழிகிறது. 2001 முதல் 2003 வரை வெளிவந்த திரைப்படங்களைப் பார்த்தோர், ஃப்ரோடோ அவனோடு போராடும்போது அவன் விழுவதாகக் கண்டிருப்பர். நூலில் அத்தகைய போராட்டம் இல்லை. தோற்றவன் தோற்றவனாகவே நிற்கிறான்.

வாசகர் சிலர் இதை ஏற்கவில்லை. ஃப்ரோடோவைப் புகழ்ந்தது தவறு, துரோகி என்று தூக்கிலிட்டிருக்க வேண்டும் என்னும் பொருள்படச் சினந்து எழுதிய ஒருவரைப் பற்றி டோல்கீனே தம் கடிதமொன்றில் குறிப்பிடுகிறார். அவருடைய விடை ஆழமானது. அந்த இடத்தில், அத்தனை காலச் சுமைக்குப் பின், தன் சொந்த மனவலிமையால் வெல்லக்கூடியவர் எவருமில்லை. ஃப்ரோடோ தன்னிடம் இருந்த அனைத்தையும் கொடுத்து முடித்துவிட்டான். பாறை விழுந்து ஒருவன் உடல் நசுங்கினால் அதை நாம் பாவம் என்று சொல்வதில்லை; தாங்கவொண்ணாச் சுமையால் அவன் உள்ளம் நொறுங்கியதும் அத்தகையதே. இவ்வாறு விளக்கிய டோல்கீன், ஆண்டவர் நமக்குக் கற்பித்த செபத்தை நினைவூட்டினார். சோதனையினின்று காக்குமாறு நாம் ஏன் நாள்தோறும் மன்றாடுகிறோம்? நம் வலிமை ஓர் எல்லைக்கு உட்பட்டது என்பதால் அன்றோ!

மூன்று முறை காட்டிய இரக்கம்

அப்படியானால் உலகம் காப்பாற்றப்பட்டது தற்செயலா? அன்று. அந்தச் செபத்திலேயே, பிறர் குற்றங்களை நாம் மன்னிப்பதுபோல் நம் குற்றங்களையும் மன்னிக்குமாறு வேண்டுகிறோமே, அதில்தான் விடை இருக்கிறது.

கோல்லம் முன்னொரு காலத்தில் ஹாபிட் இனத்தைச் சார்ந்த ஒருவனாக இருந்தவன். மோதிரத்துக்காகத் தன் நண்பனையே கொன்று, நூற்றாண்டுக் கணக்கில் மலையின் இருளில் கிடந்து உருக்குலைந்தவன். அவனைக் கொல்லும் வாய்ப்பு முதலில் ஃப்ரோடோவின் உறவினரான பில்போவுக்குக் கிடைத்தது. அவர் இரங்கி விட்டுவிட்டார். அடுத்து ஃப்ரோடோவுக்குக் கிடைத்தது, அவனும் இரங்கினான். இறுதியாக, எரிமலைச் சரிவில், சாமுக்குக் கிடைத்தது. அவனும் வெட்ட ஓங்கிய கையைத் தாழ்த்தினான். இம்மூவருள் ஒருவர் அவனைக் கொன்றிருந்தாலும் மோதிரம் அழிந்திராது. வலிமை தோற்ற இடத்தில், முன்பு விதைத்த இரக்கம் வந்து கனி தந்தது.

எழுத்தாளர் இதற்காக எடுத்துக்கொண்ட சிரமத்தை எழுத விரும்பும் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். 1937-இல் வந்த முதல் பதிப்பில் இந்த இரக்கக் காட்சி கிடையாது. அங்கே கோல்லம், விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தையே பரிசாகத் தருவதாக ஒப்புக்கொள்கிறான். தோற்றபின் அது காணாமற்போகவே வருத்தம் தெரிவித்து வழிகாட்டுகிறான். பெருங்கதையை எழுதுகையில், இத்தகைய தீய மோதிரத்தை எவனும் மனமுவந்து தரமாட்டான் என்பதை டோல்கீன் உணர்ந்தார். ஆகவே வெளியாகிப் பல ஆண்டுகள் ஆன புத்தகத்தின் அந்த அத்தியாயத்தையே திருத்தி எழுதினார். 1951-இல் வந்த பதிப்பில்தான், கண்ணுக்குப் புலப்படாதவராய் வாளேந்தி நின்ற பில்போ, அந்த ஈனப் பிறவியின் தனிமையை நினைத்து இரங்கி, அவனைக் கொல்லாமல் தாண்டிச் செல்கிறார். முடிவு நம்பத்தக்கதாக இருக்க வேண்டுமானால் அதன் விதை தொடக்கத்திலேயே ஊன்றப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று ஏது?

மோதிரம் அழிந்த நாளாக அவர் குறித்தது மார்ச் 25. தேவ அன்னை கபிரியேல் தூதரின் மங்கள வார்த்தையைக் கேட்டுத் தன்னைத் தாழ்மையுடன் ஒப்புக்கொடுத்த திருநாள் அது. ஃப்ரோடோவும் தோழரும் பயணம் புறப்பட்ட நாளோ டிசம்பர் 25. இவற்றைக் கதை எங்கும் விளக்கவில்லை. அறிந்தவர் அறியட்டும் என்று விட்டுவிட்டது.

நல்லவரின் தவறும், தவறியவரின் நன்மையும்

நம்பத்தக்க கதையில் நல்லவரும் தவறு செய்வர். தன் தலைவனை உயிரினும் மேலாக நேசிக்கும் சாமும் ஒருமுறை தவறுகிறான். மலைப் படிகளில் ஃப்ரோடோ உறங்குகையில், கோல்லம் அருகில் வந்து, மனம் நெகிழ்ந்து, அவன் முழங்காலை மெல்லத் தொடுகிறான். அந்த ஒரு நொடியில் அவன் மனந்திரும்பியிருக்கக்கூடும். கண் விழித்த சாம், ஐயத்தால் அவனைக் கடுமையாக ஏசுகிறான். திறந்த கதவு மூடிக்கொள்கிறது; கோல்லம் துரோகத்தை நோக்கி நடக்கிறான். கதை முழுவதிலும் மிகத் துயரமான இடம் இதுவே எனத் தமக்குத் தோன்றுவதாக டோல்கீன் எழுதினார். பெரும் போர்களும் மரணங்களும் நிறைந்த கதையில், ஒரு சுடுசொல்லை அவர் அவ்வாறு கருதினார்.

நம் இல்லங்களை நினைத்துப் பார்ப்போம். மாதக்கணக்கில் பேசாதிருந்த தம்பி வாசலில் வந்து நிற்கிறான். குடிப்பழக்கத்தை விட நினைத்த கணவர் ஒரு நாள் நேரத்தோடு வீடு வருகிறார். பொய் சொல்லி அகப்பட்ட பிள்ளை மெல்ல அருகில் வந்து அமர்கிறது. 'இன்றைக்கு என்ன புதிதாக வேடம்?' என்ற ஒரு சொல் போதும். சொன்னவர் நல்லவர்தான், சொல்தான் நல்லதன்று.

தவறியவரும் எழலாம் என்பதற்குப் போரோமிர் என்னும் வீரன் சான்று. தன் நாட்டைக் காக்கும் நோக்கத்தோடேயே அவன் மோதிரத்தை ஃப்ரோடோவிடமிருந்து பறிக்க முயல்கிறான். அவன் ஓடி மறைந்ததும் தன் பிழையை உணர்ந்து கண்ணீர் விடுகிறான். சற்று நேரத்தில் இரு சிறிய ஹாபிட்டுகளைக் காக்கப் போராடி, அம்புகள் தைத்து வீழ்கிறான். இறக்குமுன் அரகோர்னிடம் தன் குற்றத்தை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறான். அவரோ குற்றம் சாட்டாமல், அவனை வென்றவன் என்றே கூறி வழியனுப்புகிறார். பாவசங்கீர்த்தனத்தின் அருமையை அறிந்த எவரும் இக்காட்சியைக் கண் கலங்காமல் படிக்கமாட்டார்.

இன்னொன்றும் உண்டு. வெற்றிக்குப் பின் ஃப்ரோடோ நலமாக வாழ்ந்தான் என்று கதை முடியவில்லை. அவன் காயங்கள் ஆண்டுதோறும் அதே நாட்களில் மீண்டும் வலிக்கின்றன. தான் காப்பாற்றிய ஊரிலே அவனால் அமைதியாக வாழ முடியவில்லை. இறுதியில் கடல் கடந்து, குணம் தேடிச் செல்கிறான். சாம் தன் மனைவி மக்களிடம் திரும்புகிறான். போர்க்களத்திலிருந்து மீண்டவர்கள் எல்லோரும் முழுமையாக மீள்வதில்லை என்பதை டோல்கீன் கண்ணாரக் கண்டவர் அல்லவா?

கதை எழுதுவோர்க்கும் சொல்வோர்க்கும்

நம் பங்கு இளைஞர்களில் கதை எழுதும் ஆர்வமுள்ளோர் உண்டு. ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதுவோரும் உண்டு. அவர்களுக்கு இதிலிருந்து நாம் சொல்லக்கூடியவை சில. உங்கள் வீரனுக்கு என்ன வலிமை உண்டு என்பதற்கு முன், அவன் எதற்கு ஆசைப்படுகிறான் என்று தீர்மானியுங்கள். சோதனை அந்த வழியாகவே வரும். சாமுக்கு மோதிரம் பொன்னையும் அரியணையையும் காட்டி ஆசையூட்டவில்லை. உலகளவு விரிந்த ஒரு தோட்டத்தையே காட்டியது. தோட்டக்காரன் அல்லவா அவன்! தன் கையால் பயிரிடத்தக்க சிறு தோட்டமே தனக்குப் போதும் என்று உணர்ந்ததால் அவன் தப்பினான். அடுத்து, வெற்றிக்கு ஒரு விலை வையுங்கள். அவ்விலையை வீரனே செலுத்தட்டும். அவனை மீட்கும் உதவி வானத்திலிருந்து திடீரென்று குதிக்க வேண்டாம். அவன் என்றோ செய்த ஒரு நன்மையிலிருந்து முளைக்கட்டும்.

பெற்றோருக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். புனிதர்களின் வரலாற்றைச் சொல்லும்போது, பிறந்த நாள் முதல் பிழையே செய்யாதவர்கள் என்று சொல்லிவிடுகிறோம். நல்ல நோக்கந்தான். ஆனால் நற்செய்தி அப்படிச் சொல்லவில்லை. திருச்சபையின் தலைவராக ஆண்டவர் தேர்ந்துகொண்ட புனித இராயப்பர், சேவல் கூவுமுன் மும்முறை மறுதலித்ததை நான்கு நற்செய்திகளும் மறைக்காமல் சொல்கின்றன. அதனாலேயே அவருடைய கண்ணீரும், பின்பு அவர் அடைந்த வேதசாட்சி முடியும் நமக்கு நம்பிக்கை தருகின்றன. விழாத புனிதரைக் கண்டு பிள்ளை வியக்கும். விழுந்தெழுந்த புனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்.

ஆகவே, பிள்ளையின் கையில் மாயாஜாலக் கதை ஒன்றைக் கண்டால் உடனே பறித்துவிட வேண்டாம். அருகில் அமர்ந்து, 'இந்த வீரன் எங்கே தோற்றான்? யாருக்கு இரங்கினான்?' என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்குமானால் அது நல்ல கதை. அதன்பின், நீங்கள் தோற்ற ஒரு நாளையும், அன்று உங்களுக்கு இரங்கியவரையும் பற்றிப் பிள்ளையிடம் சொல்லுங்கள். நாளை ஒரு பிழையைச் செய்துவிட்டு வாசலில் தயங்கி நிற்கும்போது, உள்ளே வரலாம் என்னும் துணிவை அந்தக் கதை அதற்குக் கொடுக்கும்.